புகைக்கூண்டு வீட்டு நிலக்கரி அறை

குனிந்திருந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

நல்ல பகல். எங்கள் ஊருக்கு ஜப்பானியர் 'சியோனான்' என்று பெயர் மாற்றி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. என் கையில் மரவள்ளிக் கிழங்குக் கூடை. பக்கத்தில் ஜமீலா அக்கா. சிராங்கூன் ரோட்டிலிருந்து கால்வாய்ப் பக்கம் இறங்கும் தெருவில், பழைய ஆங்கிலேயர் வீடு ஒன்றின் வாசலில் எப்போதும் ஒரு சிப்பாய் காவல் நிற்பான். அவனைக் கடக்கிற எவரும் நின்று, இடுப்பை மடித்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். குனிவு போதாது என்று அவனுக்குத் தோன்றினால் கன்னத்தில் அறை விழும்.

அன்று நாங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. சேலை நனையாமல் இருக்கச் சற்றுத் தள்ளி நின்று குனிந்தேன். என் முகத்துக்கு நேர் கீழே, நடைபாதைக் கல்லில் பதித்த வட்ட வடிவமான இரும்பு மூடி. அதில் நட்சத்திர வடிவில் சிறு சிறு துளைகள்.

அந்தத் துளைகளுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. "டோன்ட் ஸ்லீப், மிஸ்டர் டான். டோன்ட் ஸ்லீப்."

தூங்காதீர்கள் என்று பூமிக்கு அடியில் யாரோ யாருக்கோ சொல்கிறார். 'ஸ்லீப்' என்ற சொல்லை அப்படி நீட்டி, கடைசியில் உதட்டை அழுத்தி மூடிச் சொல்கிற ஒரே மனிதரை எனக்குத் தெரியும். அவர் என் கணவர்.

என் கணவர் அப்போது சயாமில் இருந்தார். அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

குனிந்தவள் நிமிரவில்லை. சிப்பாய் எதையோ கத்தினான். ஜமீலா அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினார்.

"என்ன புள்ள, பேயறஞ்ச மாதிரி நிக்கிறே? நட."

"அக்கா, கீழை... அவர்..."

"வாய மூடிட்டு நட. வீட்டுக்குப் போயி பேசுவோம்."

நடந்தேன். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் காலுக்குக் கீழே கல்தான் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நடந்தேன்.

எங்கேயோ இருக்க வேண்டிய வீடு

இந்தத் தொடரில் அந்த வீட்டை ஒன்றிரண்டு தடவை போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறேன். தெம்பனிஸிலிருந்து ஒரு வாசகி, "அது எந்த வீடு? இப்போதும் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். இல்லை அம்மா. அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

அக்கம்பக்கத்துத் தமிழர்கள் அதைப் புகைக்கூண்டு வீடு என்பார்கள். கூரைமேல் வரிசையாக நின்ற புகைக்கூண்டுகளால் வந்த பெயர். அவற்றுக்குள் மைனாக்கள்தான் குடியிருந்தன.

என் தாத்தா காலத்தில் ஓர் ஆங்கிலேய வணிகர் கட்டியது. சொந்த ஊரில் அவர் பிறந்து வளர்ந்த வீட்டை அப்படியே இங்கே எழுப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. அங்கிருந்து படங்கள் வரவழைத்தார். கதவுப் பிடிகள், கண்ணாடிகள், நடைபாதையில் பதித்த அந்த இரும்பு மூடிகள் எல்லாம் கப்பலில் வந்தன.

ஆனால் அவருடைய ஊர் வீடு ஒரு வரிசை வீடு. இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர் ஒட்டியிருக்கும். அதனால் பக்கச் சுவர்களில் சன்னலே கிடையாது. இங்கே அது தனியாக நின்றது. இருபுறமும் காலி நிலம், காற்று தாராளமாக வீசுகிறது. இருந்தும் அந்த மனிதர் பக்கச் சுவர்களில் ஒரு சன்னல்கூட வைக்கவில்லை. படத்தில் இல்லையே!

ஒடுக்கமாக, உயரமாக, செங்கல் நிறத்தில் நிற்கும். வாசல் கதவுக்கு மேலே விசிறி விரித்தாற்போல அரைவட்டக் கண்ணாடி. மேலும் கீழுமாகத் தள்ளித் திறக்கும் சன்னல்கள். நம் கடைவீடுகளுக்கு முன்னால் இருக்கிற அஞ்சடி, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க நிழல் தரும் அந்த நடை, அதற்குக் கிடையாது. ஒவ்வோர் அறையிலும் பளிங்கு வைத்துக் கட்டிய கணப்பு அடுப்பு. வேர்த்து ஊற்றுகிற இந்த ஊரில்!

ஒரு கிறிஸ்துமஸ் நாளில் அவர் எல்லாக் கணப்புகளையும் ஒரே நேரத்தில் மூட்டினாராம். வீடு பற்றி எரிகிறது என்று நினைத்துத் தெருவே வாளிகளோடு ஓடியதாம். வண்ணான் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து வாசலில் ஊற்றியவர்களுக்கு அவர் வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்து கேக் கொடுத்தாராம். எங்கள் தெருவில் இந்தக் கதையைச் சொல்லாதவர்கள் இல்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் என் கணவர் இராசநாயகம். ஓர் ஆங்கிலேயக் கட்டட நிறுவனத்தில் டிராஃப்ட்ஸ்மன், அதாவது கட்டடப் படம் வரைபவர். யுத்தத்துக்கு முன்பு அந்த வீட்டில் ஓர் ஆங்கிலேய டாக்டர் குடியிருந்தார். வெக்கை தாங்காமல், பக்கச் சுவர்களில் சன்னல் வெட்டித் தரும்படி நிறுவனத்திடம் கேட்டிருந்தார். அளவெடுக்கப் போனவர் என் கணவர். வீட்டை மூலைமுடுக்கெல்லாம் அளந்து வரைந்தார். எங்களுக்குக் கல்யாணமான புதிது. சாப்பிடும்போதும் அந்த வீட்டுக் கதைதான்.

"மணி, நிலத்துக்குக் கீழை ஒரு அடுக்கு இருக்கு, தெரியுமோ? குசினி, சமையல் எல்லாம் அங்கைதான். வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவிலை அகழி மாதிரி ஒரு பள்ளம். அதுக்குள்ளை இறங்கப் படி. இறங்கிப் பாத்தால், நாங்கள் நடக்கிற நடைபாதைக்கு அடியிலை மூண்டு அறை!"

"நடைபாதைக்கு அடியிலையோ? என்னத்துக்கு?"

"நிலக்கரி போட. கரிவண்டிக்காரன் வீட்டுக்குள்ளை வரத் தேவையில்லை. தெருவிலை நிண்டு மூடியைத் திறந்து உள்ளுக்குக் கொட்டிப் போட்டுப் போவான். கள்ளன் திறக்காமல் இருக்க மூடிக்கு உள்ளாலை சங்கிலி. ஓட்டையும் சின்னன், ஆள் நுழைய ஏலாது. நல்ல மூளை!"

"இஞ்சை ஆர் நிலக்கரி எரிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை," என்று அவர் சிரித்தார். "அங்கை இருக்கு, அதாலை இஞ்சையும் இருக்கு. மழை வந்தால் கால்வாய்த் தண்ணி முழுக்க அதுக்குள்ளைதான். காவல்காரன் நாள் முழுக்கப் பம்பு அடிச்சுக்கொண்டு நிப்பான்."

டாக்டருக்குச் சன்னல் வெட்டுவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. டாக்டர் குடும்பம் கடைசிக் கப்பல்களில் ஒன்றில் போய்விட்டது. வரைந்த படங்கள் சுருட்டியபடி எங்கள் வீட்டு அலமாரியின் மேல் கிடந்தன.

அவரைக் கொண்டுபோன காலை

புகைக்கூண்டு வீட்டை ஜப்பானிய இராணுவத்தின் ஏதோ ஒரு பிரிவு எடுத்துக்கொண்டது. எந்தப் பிரிவு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்கிற துணிவும் யாருக்கும் இல்லை.

ஒரு நாள் காலை எங்கள் தெருவில் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். வானொலிப் பெட்டி யாரிடமாவது இருக்கிறதா என்று தேடினார்கள். எங்களிடம் இல்லை. திரும்பப் போகிற நேரத்தில் ஒருவன் அலமாரியின் மேல் துப்பாக்கி முனையை ஓட்டினான். படச் சுருள்கள் கீழே விழுந்து விரிந்தன.

அவர்கள் அலுவலகமாக வைத்திருக்கிற வீடு. அதன் கதவு எங்கே, மாடிப்படி எங்கே, நிலவறைக்கு வழி எங்கே என்று அங்குலம் அங்குலமாகக் குறித்த படங்கள். வேவுக்காரன் என்று முடிவு கட்ட வேறென்ன வேண்டும்?

என் கணவர் ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்தார். "வின்டோ, வின்டோ" என்று சுவரைத் தட்டிக் காட்டினார். சன்னல் வைப்பதற்காக அளந்தேன் என்று சொல்ல வந்தார். வாயில் குத்தினார்கள். சட்டையை மாட்டிக்கொள்ளக்கூட விடவில்லை.

நான் தினமும் போய் அலுவலகம் அலுவலகமாக விசாரித்தேன். கடைசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர், நல்ல மனிதர் போலத்தான் இருந்தார், "உன் புருஷனை ரயில் பாதை வேலைக்குச் சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போ" என்றார்.

சயாம் என்றால் என்ன, அந்த வேலைக்குப் போனவர்கள் திரும்புவது எவ்வளவு அரிது என்று எங்களுக்கு அப்போதே கொஞ்சம் தெரியும். அழுது தீர்த்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு நாள் தள்ளிப் போயிருப்பது தெரிந்தது. அதை அவரிடம் சொல்ல ஆளில்லை.

பக்கத்து வீட்டு ஜமீலா அக்காதான் அந்த நாட்களில் எனக்கு எல்லாம். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். கணவர் மசாலைச் சாமான் கடை வைத்திருந்தார். கடையில் சாமான் இல்லாத காலம். அக்கா என்னை வீட்டில் சும்மா உட்கார விடமாட்டார். கிழங்கு வாங்க, கீரை பறிக்க என்று தினமும் கூட்டிக்கொண்டு போவார். கால்வாய் ஓரக் கிழங்குக்காரியிடம் போகிற வழி புகைக்கூண்டு வீட்டு வழிதான்.

அதாவது, அவரைக் கொண்டுபோன வாரத்திலிருந்து அவர் தலைக்கு மேலேதான் நான் நடந்துகொண்டிருந்திருக்கிறேன். அழுதுகொண்டே, அவர் சயாமில் என்ன சாப்பிடுகிறாரோ என்று யோசித்துக்கொண்டே.



குனியும் நேரம்

"உனக்கு நல்லாத் தெரியுமா? வேற யாரு குரலாவது இருக்கப் போவுது," என்றார் ஜமீலா அக்கா, கதவைச் சாத்திவிட்டு.

"அவர்தான் அக்கா."

அக்கா கூடையிலிருந்த கிழங்கை எடுத்து வைத்தார். பிறகு, "சரி. நாளைக்கும் குனியணுமே, குனிவோம்," என்றார்.

மறுநாள் சரியாக மூடிக்கு நேரே நின்று குனிந்தேன். "இஞ்சருங்கோ... நான்தான்," என்றேன், உதடு அசையாமல்.

கீழே அசைவே இல்லை. நிமிர வேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்போது, "மணி?" என்று ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வணங்கப் பழக்கியிருந்தார்கள். நான் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. யுத்தம் வந்த பிறகு ஆசிரியைகள் எல்லோரும் ஜப்பானிய மொழி படிக்க வேண்டும். கண்ணன் பாட்டுச் சொல்லிக் கொடுத்த வாயால் 'மிசு' என்றால் தண்ணீர், 'ஹித்தோ' என்றால் மனிதர், 'கொமே' என்றால் அரிசி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மரியாதை மிகுதி என்றால் குனிவும் ஆழம், நிமிர்வும் மெதுவாக என்று எங்கள் பயிற்சியாளர் சொல்வார். அவர் சொன்னதைவிட மரியாதையாக நான் அந்தச் சிப்பாயை வணங்கினேன். அவனுக்கு அதில் திருப்திதான்.

ஜமீலா அக்கா ஒரு நாள் பக்கத்தில் கூடையைக் கவிழ்த்துக் கிழங்கை உருளவிடுவார். இன்னொரு நாள் செருப்பு அறுந்துவிடும். பொறுக்குகிற சாக்கில் நான் மூடியருகே குந்திவிடுவேன்.

"காயமோ?"

"ஆறிப் போச்சு. அழாதையும்."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"நானும் மிஸ்டர் டானும். சீன வாத்தியார். அவருக்குக் காய்ச்சல். குயினைன் கிடைக்குமோ?"

குயினைன் கிடைப்பது அந்தக் காலத்தில் குதிரைக்கொம்பு. ஜமீலா அக்கா எங்கிருந்தோ கொண்டுவந்தார். எங்கிருந்து என்று கடைசிவரை சொல்லவில்லை. மாத்திரைகளை வெல்லத்தில் பொதிந்து துளைக்குள் விட்டேன். இன்னொரு நாள் வறுத்த மீன் முள் இல்லாமல் உதிர்த்து விட்டேன்.

பிள்ளை விஷயத்தைச் சொல்ல ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டு போவேன். ஜமீலா அக்கா தடுத்துவிட்டார். "சொல்லாதே புள்ள. அந்த இருட்டுல உக்காந்துக்கிட்டு அவரு உன்னையும் சேத்து நெனச்சு உருகணுமா? வெளியே வந்ததும் சொல்லு." சரியென்று பட்டது. சொல்லவில்லை.

மிஸ்டர் டானின் குரலை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். மாத்திரை விழுந்த மறுநாள், என் கணவருக்கு முன்பே, கரகரவென்று ஒரு குரல் "தேங்க் யூ, மிஸஸ்" என்றது.

மழை

அந்த மழை காலையிலேயே தொடங்கியது. மதியத்துக்குள் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது. கால்வாயில் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் எங்கள் பக்கம் அப்படித்தான். பாத்திரங்களை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டேன்.

மழை வந்தால் கால்வாய்த் தண்ணி முழுக்க அதுக்குள்ளைதான். சோறு பிசைந்துகொண்டே அவர் சிரித்துச் சொன்னது. பம்பு அடிக்க இப்போது காவல்காரன் ஏது?

ஓடினேன். பின்னாலேயே ஜமீலா அக்கா, "ஓடாதே, வயித்துப் புள்ளக்காரி, ஓடாதே!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். புகைக்கூண்டு வீட்டு நடைபாதை உயரம் என்பதால் அதன் விளிம்பைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. காவல் சிப்பாய் இல்லை. மழைக்கு உள்ளே போயிருந்தான். கம்பித் தடுப்பைப் பிடித்துப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தேன். சாக்கடை எதிர்த்து வந்து பள்ளம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அறைக் கதவுகளின் மேல்பாதி மட்டும் தெரிந்தது.

அப்போது மூடி அசைந்தது. உள்ளேயிருந்து யாரோ சங்கிலியைப் பிய்த்துவிட்டுத் தள்ளுகிறார்கள். ஒரு பக்கம் தூக்கிற்று, விழுந்தது. மறுபடி தூக்கிற்று. நான் விழுந்து விளிம்பைப் பிடித்துப் புரட்டினேன். இரும்பு கல்லில் மோதி விலகியது.

துளையிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. முழங்கை வரைக்கும். சேறு படிந்து, தண்ணீரில் ஊறி வெளுத்து, விரல்களை விரித்துக்கொண்டு காற்றைத் துழாவியது.

இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டேன். அது என் கையை இறுக்கிப் பிடித்தது.

"நான் வந்திட்டன்! விடமாட்டன்!"

கை துளையை அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கீழே யாரோ ஏதோ சொல்வது கேட்டது. மழை இரைச்சலில் சொல் புரியவில்லை.

ஜமீலா அக்கா அந்த வாசல் படியில் ஏறி, விசிறிக் கண்ணாடி போட்ட கதவை இரண்டு கைகளாலும் ஓங்கி ஓங்கித் தட்டினார். அந்தக் காலத்தில் அந்தக் கதவைத் தானாகப் போய்த் தட்டியவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நான் கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு அந்தக் கையிடம் பேசினேன். என்னென்னவோ பேசினேன். வீட்டில் தண்ணீர் வந்துவிட்டது என்றேன். ஜமீலா அக்காவும் வந்திருக்கிறார் என்றேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"இஞ்சருங்கோ, நான் பிள்ளைத்தாச்சி. கேக்குதோ? எங்களுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. கேட்டால் கையை அமத்துங்கோ."

கை அழுத்தியது. நல்ல அழுத்தம். கேட்டுவிட்டார் என்று நான் அழுதேன்.

அரிசி

கதவு திறந்தது. ஓர் அதிகாரி வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடி அணிந்தவர், என் வயதுதான் இருக்கும். ஜமீலா அக்கா என்னைக் காட்டினார். நான் படுத்தபடியே, "மிசு! ஹித்தோ! மிசு!" என்று கத்தினேன்.

அவர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. உள்ளே திரும்பிக் கட்டளையிட்டார். சிப்பாய்கள் ஓடி வந்து பள்ளத்தில் இறங்கினார்கள். கடவுளே என்று இருந்தது எனக்கு.

அவர்கள் நடு அறைக் கதவைக் கோடரியால் உடைத்தார்கள். என் கணவர் இருந்தது கடைசி அறையில்.

நடு அறையிலிருந்து அரிசி மூட்டைகள் வெளியே வந்தன.

ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாற்றிப் படியேற்றினார்கள். எங்கள் கண்ணுக்கு மாதக் கணக்கில் தட்டுப்படாத வெள்ளை அரிசி. மூட்டைகளிலிருந்து ஒழுகிய கழுநீர் என் முகத்துக்குப் பக்கத்திலே ஓடியது.

"ஹித்தோ!" என்று கத்தினேன். "ஹித்தோ! ஹித்தோ!"

அதிகாரி என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. வகுப்பில் மந்தமான பிள்ளைக்குச் சொல்வது போல, மூட்டையைக் காட்டி, நிதானமாக, "கொமே" என்றார்.

அரிசி. முதலில் அரிசி.

கொடூரம் என்றால் கத்துவார்கள், அடிப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. கடைக்குப் போய்ச் சாமானை வரிசையாகச் சொல்கிற முகம்.

மூட்டைகள் வந்துகொண்டே இருந்தன. என் கைக்குள் இருந்த கை இறுகியது. தளர்ந்தது. மறுபடி ஒரு தடவை இறுகியது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக என் விரல்களை விட்டன. நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கையை அமத்துங்கோ," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஜமீலா அக்கா வந்து என் முதுகில் கை வைத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஓதத் தொடங்கினார்.

கடைசி மூட்டைக்குப் பிறகுதான் அடுத்த கதவில் கோடரி விழுந்தது. கை உள்ளேயிருந்து கீழ் நோக்கி இழுபட்டது. நான் விடாமல் பிடித்தேன். வழுக்கிக்கொண்டு போய்விட்டது. துளையில் இருட்டு மட்டும் இருந்தது.

எழுந்து கம்பித் தடுப்புக்குப் போனேன்.

பள்ளத்துப் படியில் என் கணவர் ஏறி வந்துகொண்டிருந்தார்.

தாடியும் எலும்புமாக. ஆனால் அவர்தான், தன் காலால் நடந்து வருகிறார். தோளில் நெடிய மனிதர் ஒருவரைச் சுமந்துகொண்டிருந்தார். அந்த மனிதருடைய ஒரு கை என் கணவரின் முதுகில் தொங்கி ஆடியது. முழங்கை வரைக்கும் மழையில் கழுவப்பட்டு, அது மட்டும் சுத்தமாக இருந்தது.

நான் என் கணவரின் இரண்டு கைகளையும் பார்த்தேன். மறுபடி அந்தக் கையைப் பார்த்தேன்.

"மணி," என்றார் அவர். "இவரைப் படுக்க வைக்க வேணும்."

சிப்பாய்கள் இருவரையும் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். அதிகாரி என் முன்னால் நின்றார். எதற்கு நிற்கிறார் என்று முதலில் புரியவில்லை. ஜமீலா அக்கா என் கழுத்தில் கை வைத்து அழுத்தினார். நான் குனிந்து வணங்கினேன். அவர் போய்விட்டார்.

பிறகு நடந்தது

அதற்குப் பிறகு அந்தப் பிரிவு புகைக்கூண்டு வீட்டை விட்டுவிட்டு வேறிடம் போயிற்று. என் கணவரை இன்னொரு சிறைக்கு மாற்றினார்கள். மகள் கமலா தவழத் தொடங்கிய பிறகு ஒரு நாள் காலையில், காரணம் எதுவும் சொல்லாமல், வெளியே விட்டார்கள். வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து ஜமீலா அக்காதான் முதலில் கத்தினார்.

அன்று நடந்ததை அவர் ஒரே ஒரு தடவை சொன்னார். தண்ணீர் ஏற ஏற, காய்ச்சலில் நிற்கக்கூட முடியாத மிஸ்டர் டானைத் தன் தோளில் ஏற்றி, காற்று வரும் துளைக்குக் கீழே பிடித்திருக்கிறார். மூடியைத் தள்ளித் திறந்தது டான்தான். அவருடைய கடைசிப் பலம் அதற்குப் போயிற்று. தண்ணீர் என் கணவரின் கழுத்துவரை வந்து நின்றது.

"மேலை நீர் கதைக்கிறது எனக்குச் சாடையாய்க் கேட்டது," என்றார். "என்ன சொல்லுறீர் எண்டு விளங்கேல்லை. அவர் சிரிக்கிற மாதிரி இருந்துது."

மிஸ்டர் டானுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது.

சுவா சூ காங்

யுத்தம் முடிந்து ஆங்கிலேயர் திரும்பி வந்த பிறகு, டானின் மனைவியைத் தேடிப் போனோம். மனைவியின் வீட்டார் சுவா சூ காங்கில் காய்கறித் தோட்டம் போடுகிறார்கள் என்று மட்டும் அவர் இருட்டில் சொல்லியிருக்கிறார். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளும் ரயிலுமாக இருக்கிறது. அன்றைக்குச் செம்மண் பாதை, பன்றிக் கொட்டில், கீரைப் பாத்தி. பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்தோம்.

அத்தாப்பு ஓலை வேய்ந்த வீட்டின் முன்னால் கீரைக் கட்டுகளுக்கு நார் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களை நிமிர்ந்து பார்த்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்.

என் கணவர் டானின் பெயரைச் சொல்லிக் கேட்டார். அந்தப் பெண் தலையசைத்ததும் இவர் கமலாவைத் தூக்கிக்கொண்டு பாத்திப் பக்கம் போய் நின்றுவிட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய் மட்டும்.

டான் மருத்துவமனையில் காய்ச்சலால் இறந்தார் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மழையை, துளையை, கையை. அரிசியைச் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன். அதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த நார் அறுந்தது. வேறொரு நார் எடுத்துக்கொண்டார்.

அந்தக் கட்டைக் கட்டி முடித்துவிட்டு, "அவர்கிட்ட நீங்க என்ன பேசினீங்க?" என்று கேட்டார்.

"என் புருஷன் என்று நினைத்துப் பேசினேன். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். பாத்தியோரம் நின்ற கமலாவைப் பார்த்தார். திடீரென்று சிரித்தார். அடக்க முடியாமல், வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டு சிரித்தார். "அவருக்கு மலாயே சரியா வராது," என்றார். "நீங்க சாமி கும்பிடுறீங்கன்னு நெனச்சிருப்பார்."

சிரிப்பு நின்றதும் கையைத் தன் காற்சட்டையில் துடைத்தார். வலது கையை என் முன்னால் நீட்டினார்.

"எப்படிப் பிடிச்சார்? காட்டுங்க."

பிடித்தேன்.

"இன்னும் இறுக்கமாவா?"

"ஆமாம். இன்னும் இறுக்கமாக."

இறுக்கிக் காட்டினேன். பிள்ளை விஷயம் சொன்னபோது அழுத்திய அழுத்தத்தைக் காட்டினேன். அரிசி மூட்டைகள் வந்துகொண்டிருந்தபோது தளர்ந்ததைக் காட்டினேன். மறுபடி ஒரு தடவை இறுகியதைக் காட்டினேன். அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?"

நான் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன்.

அவர் விடவில்லை.